பத்து வயதுக்கு ஐந்து பாகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டிய சரித்திரக் கதைகள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பட்டியலைப் படித்தேன். பத்து முதல் பதின்மூன்று வயது வரை என்று தலைப்பிலேயே போட்டிருந்தீர்கள். முதல் இடத்தில் ‘பொன்னியின் செல்வன்’, ஐந்து பாகமும். அதற்குக் கீழே இருந்தவையும் இன்றைய அப்பா அம்மாக்கள் கல்லூரியில் படிக்கும்போது சோறு தண்ணி மறந்து வாசித்தவைதான். பட்டியல் போட்டவர் தனக்குப் பிடித்ததை எழுதிவிட்டு, வயதை மட்டும் மேலே ஒட்டிவிட்டாரோ என்று சந்தேகம்.

என்னைக் கல்கிக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்குக் காட்டுமன்னார்கோயில். அந்த நாவலின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரை நடந்து போவது எங்கள் ஏரிக்கரையில்தான். அதில் வரும் வீரநாராயண ஏரியை இன்று வீராணம் என்கிறோம். சென்னைக்காரர்களும் அதன் தண்ணீரைக் குடிக்கிறார்கள். கடம்பூர் மாளிகைச் சதி நடந்ததாகக் கல்கி எழுதிய ஊர் பக்கத்தில் இருக்கிற மேலக்கடம்பூர். அப்படிப்பட்ட ஊர்க்காரன், கடலூர் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், சொல்கிறேன்: பத்து வயதுப் பிள்ளைக்கு அதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் கூடுவார்கள். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. ‘லைப்ரரி தாத்தா’ என்று எனக்குப் பெயர். 2022இலும் 2023இலும் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு பெற்றோர்கள் வரிசையாக வந்து, “பொன்னியின் செல்வன் இருக்கா சார், பையன் படிக்கணும்ங்கிறான்” என்று கேட்டார்கள். பையன் கேட்டானா, அப்பா கேட்டாரா என்பது வேறு விஷயம். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனுக்கு ஐந்து பாகத்தையும் நாடா கட்டிப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த நாடா இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஷோகேஸில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நிஜமாகவே உட்கார்ந்து படித்தாள். முதல் அத்தியாயம் அவளுக்கு அமிர்தமாக இருந்தது. ஆடிப் பதினெட்டு, கமுகு மட்டையில் சித்திரான்னம், ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய். எல்லாம் அவள் பார்த்த ஊர், அவள் சாப்பிட்ட சோறு. ஆழ்வார்க்கடியான் வாய்ச்சண்டை போடுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் கடம்பூரில் நள்ளிரவுக் கூட்டம் வந்தது. அடுத்த பட்டம் யாருக்கு? கண்டராதித்தர் மகனுக்கா, சுந்தர சோழர் மகனுக்கா? சுந்தர சோழர் அரிஞ்சயர் மகன் என்றால் கண்டராதித்தர் அவருக்கு என்ன முறை? அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வம்சாவளி வரைந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, “பெரிய பழுவேட்டரையர் ஏன் தாத்தா அவ்ளோ வயசானப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் நாவலின் பாதி அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது, அதற்குப் பன்னிரண்டு வயதுக்குப் புரியும் பதில் என்னிடம் இல்லை. இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டாள்.

அவளுக்குத் தமிழ் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. கல்கியின் தமிழில் தடுக்கி விழ எதுவும் இல்லை. சிக்கல் நீளத்திலும் பட்டத்துச் சண்டையிலும் இருக்கிறது. 1950லிருந்து 1954 வரை அது வாரா வாரம் தொடராக வந்தபோது வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் என் அத்தை படித்தார் என்று அப்பா சொல்வார். பிள்ளைகளுக்குப் புரியாத இடத்தில் பெரியவர்கள் தாண்டிப் போவார்கள், புரிய வைப்பார்கள், இல்லாவிட்டால் “உனக்கு இப்போ வேணாம், தூங்கு” என்பார்கள். இன்று அதே கதையை இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் கட்டுக்கட்டாகக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு படி என்கிறோம். ராத்திரி ஓர் அத்தியாயம் நீங்களே உரக்கப் படித்துக் காட்டுவதானால், சரி, பத்து வயதிலேயே ஆரம்பியுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு அதே கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ போதும். கைக்கு அடக்கமான அளவு. அரண்மனைக்குள் நேராகத் தள்ளிவிடாமல், படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் குடிசை வாசலில் நின்று நம்மைக் கதைக்குள் கூப்பிடுகிறார்கள். நாடு பறிபோன ஒரு இளவரசன், கண்காணாத தீவு, கபாலிகர், நரபலிப் பேச்சு. பயமும் உண்டு, அந்த வயதுக்குப் பிடிக்கிற அளவில். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிவனடியார் யார் என்ற முடிச்சு இருக்கிறது. எங்கள் திண்ணையில் அதற்குப் பந்தயமே நடந்தது, கடலை மிட்டாய்தான் பணயம். பாதியிலேயே கண்டுபிடித்துவிட்ட ஒரு பையன் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாமல் தவித்ததைப் பார்க்க வேண்டுமே! பதின்மூன்றை ஒட்டி ‘சிவகாமியின் சபதம்’ கொடுக்கலாம். ஊருக்குப் புதிதாக வரும் பரஞ்சோதி என்ற வாலிபனோடு காஞ்சிக்குள் நுழைவதால் பிள்ளைக்கும் வழி தெரிகிறது. சோழர் கதை அதற்கும் பிறகு, தானாகத் தேடி வரும்போது.

நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான். கதையை யார் கண் வழியாகப் பார்க்கிறோம்? ராஜாவின் கண்ணா, மந்திரியின் கண்ணா, இல்லை வெளியிலிருந்து வருகிற ஒரு சின்ன ஆளின் கண்ணா? மந்திராலோசனையிலேயே உட்கார்ந்திருக்கிற கதை பெரியவர்களுக்கு. ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி கற்பனையாகப் படைத்த படகுக்காரப் பெண் பூங்குழலி படகு வலிக்கிற அத்தியாயங்களைப் பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படிப்பதை நூலகத்தில் பார்த்திருக்கிறேன். அவள் காரியம் செய்கிறாள், ஜன்னல் ஓரம் நின்று பெருமூச்சு விடவில்லை. அட்டையில் கப்பலும் வாளும் போட்டிருக்கும் சில நாவல்களை நம்பி வாங்கினால், உள்ளே நாயகியின் இடை வருணனை மூன்று பக்கம் ஓடும். வாங்குமுன் நடுவில் ஏதாவது ஐந்து பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முதல் அத்தியாயம் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

அச்சையும் பாருங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் போடலாம். அதனால் மலிவாகக் கிடைக்கிறது, சந்தோஷம். ஆனால் சில மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடிப்பொடியாக, வரிக்கு வரி ஒட்டிக்கொண்டு, பத்திக்கு ஒரு பிழையோடு இருக்கிறது. ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பதிப்பைக் கொடுத்தால் சரித்திரத்தோடு தமிழும் கசந்துவிடும். சுருக்கப் பதிப்பு இருக்கிறதே என்பார்கள். நான் பார்த்தவற்றில் பல, கதையைச் சுருக்கவில்லை, எலும்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உரித்துவிட்டன. இன்னார் வந்தார், இன்னாரைக் குத்தினார், இன்னார் பட்டம் ஏற்றார். அதைப் பாடப்புத்தகமே சொல்லிவிடுகிறது.

அடுத்தது மிளகாய். சிறுவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு மெல்லிய புத்தகம் வாங்கினேன், பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். ராஜராஜன் காலத்துச் சிறுவன், பெரிய கோயிலுக்குக் கல் இழுக்கும் யானையோடு சிநேகம். நல்ல கற்பனை. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவன் அம்மா பழைய சோற்றுக்கு மிளகாய் வற்றல் வறுத்து வைக்கிறாள், ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் மடியில் வேர்க்கடலை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல். அதற்குப் பிறகு போர்ச்சுகீசியர் மூலம் வந்தவை. தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், புகையிலை எல்லாமே அந்தக் கூட்டம்தான். ராஜராஜன் காலத்தில் காரம் என்றால் மிளகு, திப்பிலி.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னதும் அவர்கள் துப்பறியும் ஆட்களாக மாறிவிட்டார்கள். எந்தப் புத்தகம் கொடுத்தாலும் முதலில் சமையல்கட்டுக்குள் நுழைகிறார்கள். “தாத்தா, இதுல பாண்டிய ராஜா உருளைக்கிழங்கு திங்கிறாரு” என்று ஒரு குரல் வரும். சின்னத் தவறுகள்தானே என்று விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: தட்டில் என்ன இருந்தது என்று யோசிக்காத எழுத்தாளர், அந்தச் சிறுவனின் வேலை, கூலி, அவன் படித்தானா, எங்கே தூங்கினான் என்பதையும் யோசித்திருக்க மாட்டார். நம் காலத்துப் பையனுக்கு வேட்டி கட்டிவிட்டிருப்பார், அவ்வளவுதான்.

அப்புறம், நடந்தது எது, கற்பனை எது என்ற கேள்வி. இதற்கு எங்கள் ஊர் கொடுத்து வைத்தது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் ‘கொன்று துரோகிகளான’வர்களின் நிலபுலன்களைப் பறிமுதல் செய்தது பற்றிய ஆணை. சோமன், ரவிதாசன் என்று பெயர்கள் வருகின்றன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். படத்தில் பார்த்த ரவிதாசன் கல்லில் இருக்கிறான் என்றதும் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அடுத்த நிமிடம் அந்த ஏழாம் வகுப்புப் பெண், “நந்தினி பேரு எங்க இருக்கு?” என்று தேட ஆரம்பித்தாள். பெரிய பழுவேட்டரையர் கல்யாணம் பண்ணிக்கொண்ட அந்த நந்தினி கல்வெட்டில் இல்லை, கல்கியின் மனதில் பிறந்தவள் என்றேன். “அப்போ ஏன் கொன்னாங்க?” அதுவும் கல்வெட்டில் இல்லை. “அதனாலதான் கதை எழுதினாரா?” என்றாள். இதைவிட நான் என்ன பாடம் நடத்த முடியும்?

எல்லா ஊரிலும் கல்வெட்டு இருக்காது. அதற்குப் பதிலாகப் பதிப்பகங்கள் இரண்டு பக்கம் சேர்த்தால் போதும். புத்தகத்தின் கடைசியில், இவர்கள் வாழ்ந்தவர்கள், இவர்கள் கற்பனை, இந்த இடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம் என்று. ஆங்கிலத்தில் வரும் சிறுவர் சரித்திரக் கதைகள் பலவற்றில் இது இருக்கிறது. தமிழில் நான் புரட்டியவற்றில் அபூர்வம். இது இல்லாததால் என்ன ஆகிறது தெரியுமா? பிள்ளைகள் தேர்வில் ‘ராஜராஜனுக்கு உதவிய பூங்குழலி’ என்று எழுதி வைக்கிறார்கள். திருத்தும் ஆசிரியர் முட்டை போடுகிறார். தவறு பிள்ளையுடையதா?

போர், கொலை இவற்றை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பதினோரு வயதுப் பிள்ளை இதைவிட மோசமானதைச் செல்பேசியில் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. ஆனால் தோற்ற ஊரும் ஓர் ஊர் என்று காட்டுகிற கதையாக இருந்தால் நல்லது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை வென்றது 642இல். காஞ்சியிலிருந்து பார்த்தால் வெற்றி, வாதாபித் தெருவில் குடியிருந்த ஒரு சிறுமிக்கு அது என்ன? சோழர்கள் ஈழத்தை வென்றபோது அனுராதபுரம் அழிந்தது, பொலன்னறுவை தலைநகரானது. ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்தான். இதையெல்லாம் ஒரு வரியிலாவது தொடுகிற புத்தகத்தையும், எதிரி என்றாலே கொம்பு முளைத்தவன் என்று வரைகிற புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் முதலாவதை எடுப்பேன். எங்கள் திண்ணையில் சேரன் கட்சி, பாண்டியன் கட்சி என்று அடிதடி நடந்த அனுபவமும் உண்டு. ஒரு கண்ணாடி உடைந்தது.

பட்டியல் போட்டவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அந்த வயதுக்கென்றே எழுதப்பட்ட சரித்திரக் கதை தமிழில் ஒரு தட்டு நிறையக்கூட இல்லை, அவர் எங்கே போவார்? ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு வீரா ஹிரானந்தானியின் ‘தி நைட் டைரி’ கிடைக்கிறது. 1947 பிரிவினையில் வீட்டை விட்டுக் கிளம்பும் பன்னிரண்டு வயதுப் பெண், இறந்துபோன அம்மாவுக்கு நாட்குறிப்பில் கடிதம் கடிதமாக எழுதுகிறாள். தமிழ் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு அதற்கு நிகராக எதைக் கொடுப்பது? நான் ‘டோட்டோ சான்’ தமிழ் மொழிபெயர்ப்பைக் கொடுப்பேன். அது நாவல் இல்லை, ஆசிரியர் தன் சிறுவயதைத் தானே எழுதியது. ஆனாலும் ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் அந்த டோக்கியோ பள்ளி, கடைசியில் குண்டுவீச்சில் எரியும்போது, உலகப் போர் என்பது பாடத்தில் வரும் ஐந்து மதிப்பெண் வினா இல்லை என்று பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது.

நம்மிடம் கதைக்கா பஞ்சம்? உத்திரமேரூர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. எங்கள் வீராணம் ஏரியும் அவன் காலத்ததுதான். ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகள் மாதிரி, பிரிக்கப்பட்டிருந்தது. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். பெரியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன், அதாவது நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவிடக் கூடாது என்றுதானே! கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவன் தேர்தலில் நிற்கவே முடியாது, அவன் உறவினரும் முடியாது.

அந்தச் சிறுவனை யாரும் கதையாக எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அவன் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை, ஆகவே எழுத்தாளருக்கு முழுச் சுதந்திரம். முதல் நாள் ராத்திரி அவனை யாராவது பார்க்க வந்தார்களா? பலகாரம் கொடுத்தார்களா? அவன் அப்பாவுக்கே கணக்கு பாக்கி இருந்ததா? பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். ஒருவன் குடத்துக்குள் தேளையே போட்டுவிட்டான்.

அல்லது 1930 ஏப்ரல். ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை. நடந்து வருகிறவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்துவிட்டார். ஊர்க்காரர்கள் கையால் கொடுக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரம் ஏறிக் கட்டியவர்களில் சிறுவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? போலீஸ் வருகிறதா என்று பார்க்கக் கீழே ஒரு தங்கை நின்றிருக்க மாட்டாளா? ராஜாவும் இல்லை, வாளும் இல்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை செய்யக்கூடிய வீரம் அதில் இருக்கிறது. 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த தமிழ்க் குடும்பங்கள், தரங்கம்பாடியில் 1710களில் தமிழ் எழுத்து கோத்த அச்சுக்கூடம், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்று இன்னும் எவ்வளவோ. கடைசியில் சொன்னதற்குச் சாட்சி சொல்லத் தாத்தா பாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கம் எத்தனை, எந்த வயது, தனியாகப் படிக்கவா உரக்கப் படிக்கவா, ரத்தம் எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரியவர்கள் நாவலைப் பெரியவர்கள் பட்டியலில் வையுங்கள், அதற்கு அங்கே என்றும் மதிப்பு உண்டு.

இன்னொன்று, தங்கள் சிறுவர் இணைப்பில் விடுகதைக்கும் வண்ணம் தீட்டுவதற்கும் ஒதுக்கும் இடத்தில் அரைப் பக்கத்தை எடுத்து, அந்தக் குடவோலைச் சிறுவனை ஒரு தொடர்கதையாக்குங்கள். வாரம் ஓர் அத்தியாயம், எழுத்து பெரிதாக. நல்ல எழுத்தாளர்கள் தங்களுக்குத் தெரியாமலா இருப்பார்கள்! கைப்பிரதியை முன்கூட்டி அனுப்பினால் எங்கள் திண்ணைப் பிள்ளைகள் படித்து, எங்கே கொட்டாவி வந்தது, யார் தட்டில் மிளகாய் இருந்தது என்று குறித்து அனுப்புவார்கள். சம்பளம் வேண்டாம். புத்தகமாக வரும்போது ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தால் போதும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
காட்டுமன்னார்கோயில், கடலூர் மாவட்டம்.